சைக்கிள் கேள்வி பதில்: 90,000 ரூபாவுக்கு எந்த றேசிங் சைக்கிள்?

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து யாழ் நகருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழி 15 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். கையில் 90,000 ரூபா இருக்கிறது. ஒரு கடையில் 21 கியரும் டிஸ்க் பிறேக்கும் பூட்டிய புத்தம்புது றேசிங் சைக்கிள் நிற்கிறது. இன்னொரு கடையில் ஜப்பானில் இருந்து வந்த பழைய அலுமினிய சைக்கிள். எதை எடுக்கலாம்?
— வாசகர், சாவகச்சேரி

பழையதை எடுங்கள், பிரேம் நேராக இருந்தால் மட்டும்.

முதலில் புதியதை ஒருக்கால் தூக்கிப் பாருங்கள். இந்த விலையில் பெரும்பாலும் 14, 15 கிலோ இருக்கும். வளைந்த ஹான்டிலைக் கழற்றிவிட்டால் அது சாதாரண கியர் சைக்கிள்தான். பின்சில்லில் பல்லுத்தொகுதி திருகிப் பூட்டும் ஃபிறீவீல் வகையாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த வகையில் வலப்பக்கப் பெயாரிங் உள்ளே தள்ளி இருக்கும். அச்சின் முனைக்குத் தாங்கல் இல்லை. 7 கியர் ஃபிறீவீலோடு ஒழுங்கைக் குழிகளில் விழுந்து எழும்பினால் அச்சு வளையும், பிறகு ஒரு நாள் முறியும். பல்லுத்தொகுதியைச் செருகிப் பூட்டும் கசற் வகையில் பெயாரிங் வெளிமுனைக்குக் கிட்ட இருப்பதால் இந்தக் கரைச்சல் குறைவு.

21 கியர் எதற்கு? எங்கள் ஊரில் மலை என்றால் நாவற்குழிப் பாலத்தில் முகத்தில் அறைகிற சோளகக் காற்றுதான். முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 14 பல் என்றால், நிமிடத்துக்கு 90 சுற்று உழக்கும்போது மணிக்கு 35 கிலோமீற்றர் போகும். பின்னுக்கு 28 பல்லில் 80 சுற்று உழக்கினால் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். எதிர்க்காற்றுக்கு அது போதும். இரண்டுக்கும் இடையில் ஏழெட்டுக் கியர் தாராளம். ஷிமானோ கிளாரிஸ் போன்ற 8 கியர்த் தொகுதி கிடைத்தால் நல்லது. அதன் செயின் 6, 7 கியர்ச் சைக்கிள்களுக்கும் பொருந்துவதால் தேடி அலையத் தேவையில்லை. 10, 11 கியர் என்று ஆசைப்பட்டால் தேய்ந்த பிறகு பல்லும் செயினும் மாற்றும்போதுதான் வலி தெரியும்.

இனிப் பழையதைச் சோதிப்பது. ஒரு நூல் கொண்டு போங்கள். பின்சில்லு பூட்டும் கவையின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னுக்குக் கொண்டுபோய், பிரேமில் ஹான்டில் செருகும் ஹான்டில் குழாயைச் சுற்றி, மற்றப் பக்கக் கவைக்கு இழுத்து இறுக்குங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளவுகோலால் அளவுங்கள். வித்தியாசம் 2 மில்லிமீற்றருக்குள் என்றால் சரி. 3ஐத் தாண்டினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். இரும்புப் பிரேமை நிமிர்த்தலாம், அலுமினியத்தை நிமிர்த்தப் போனால் வெடிக்கும். அடுத்து, ஹான்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ற் சுருங்கியோ மயிரிழையாக வெடித்தோ இருந்தால் அது எங்கேயோ நேருக்கு நேர் மோதிய சைக்கிள். புதிதாக ஒட்டிய ஸ்ரிக்கர் அந்த இடத்தில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

செயினை அங்குல அளவுகோலால் பார்க்கலாம். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். 12 அங்குலக் கோடு இன்னோர் ஆணியின் நடுவில் விழவேண்டும். ஆணி 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயின் மாற்றவேண்டும். 1/8 தள்ளியிருந்தால் பின்பல்லும் போய்விட்டது. அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பிறேக் கட்டை உரசும் றிம் பக்கம் குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, சீற் கம்பியை அசைத்துக் கழற்றச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் நின்ற சைக்கிளில் அது பிரேமோடு பிடித்துப் போயிருக்கும். கழராவிட்டால் உங்கள் உயரத்துக்கு வைக்கவே முடியாது.

90,000 முழுவதையும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். 65,000க்குப் பேசி முடியுங்கள். மிச்சம் ரயர், ரியூப், செயின், பிறேக் கட்டை, கேபிள் என்று முதல் மாதமே போகும். ரயர் 28 மில்லிமீற்றர் அகலத்துக்குக் குறையவேண்டாம். அது பிறேக்குக்குள் உரசாமல் சுழல இடம் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ஜப்பான் றேசிங் சைக்கிள் ஒன்று மலிவாக வாங்கினேன். 700சி ரயர் வாங்கிவந்தால் றிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. ரயர் பிழையா?
— வாசகர், ஊர்காவற்றுறை

ரயர் பிழையில்லை, அளவுதான் பிழை. உங்களுடையது பழைய 27 அங்குல றிம்மாக இருக்கவேண்டும். பழைய ரயரின் பக்கத்தில் 32-630 என்பதுபோல் ஓர் இலக்கம் இருக்கும். முன்னுள்ளது ரயரின் அகலம், பின்னுள்ளது அது றிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். 700சிக்கு அது 622, 27 x 1 1/4க்கு 630, எங்கள் அப்பாமாரின் 28 x 1 1/2 சைக்கிளுக்கு 635. பெயரில் 27ஐவிட 28 பெரிது, அதேநேரம் 28க்குச் சமமாகச் சொல்லப்படும் 700சி 27ஐவிடச் சிறிது! ஆகவே கடையில் அங்குலம் சொல்லாமல் இந்த இரண்டாவது இலக்கத்தையே சொல்லிக் கேளுங்கள்.

630 ரயர் கிடைப்பது சிரமமென்றால் சில்லுகளை 700சிக்கு மாற்றலாம். விட்டம் 8 மில்லிமீற்றர் குறைவதால் பிறேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்கவேண்டும். பிறேக்கின் பிளவில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். 54 அளவுப் பிரேமைக் காட்டி, சீற்றை இறக்கினால் சரி என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, நல்லூர்

சரிவராது. சீற் இறங்கும், ஹான்டில் கிட்ட வராது. எட்டிப் பிடித்து ஓடினால் கழுத்தும் உள்ளங்கையும் விறைக்கும். சுவரோடு நின்று, கால்களுக்கு இடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பில் இருந்து நிலம் வரை அளவுங்கள். அதை 0.66ஆல் பெருக்குங்கள். 72 சென்ரிமீற்றர் என்றால் 47.5 வரும், 47 அல்லது 48 பிரேம் தேடவேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் பெரிதென்றால் ஹான்டில் தண்டைக் குட்டையாக்கிச் சமாளிக்கலாம். 54 உங்களுக்கு இல்லை.

கேள்வி: மெல்லிய வால்வுக்கு எங்கள் பம் காற்று ஏற்றுதில்லை.
— மாணவர், கோப்பாய்

நுனியில் உள்ள குட்டி நட்டை மேல்வரை தளர்த்தி, ஒருதரம் அமத்திக் காற்று சீறுகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். சாதாரண பம்மால் அடிக்க, பிரெஸ்ரா எனப்படும் இந்த மெல்லிய வால்வில் பித்தளை அடப்ரர் ஒன்று திருகவேண்டும். இரண்டு வாங்கி ஒன்றைச் சீற்றுக்கு அடியில் கட்டிவையுங்கள். 28 மில்லிமீற்றர் ரயரும் ஓடுபவர் 70 கிலோவும் என்றால் பின்னுக்கு 80, முன்னுக்கு 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.