பின்குறிப்பில் வந்த பூனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் 3 வயது ஆண் பூனை இருக்கிறது. 14 வயது மகள் அதன் வீடியோக்களை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். அது சாப்பிடும்போது பின்னால் வெள்ளரிக்காயை வைத்து, திரும்பிப் பார்த்துத் துள்ளுவதை எடுத்துப் போட்டாள். நிறையப் பேர் பார்த்தார்கள். சிலர் ‘இது கொடுமை’ என்று எழுதவும் அழுதுவிட்டாள். கணக்கையே மூடு என்கிறார் கணவர். இந்த வயதில் தடுப்பது சரியா?

பி.கு.: ஒரு மாதமாகப் பூனை அவள் மெத்தையில் மூத்திரம் பெய்கிறது. பழிவாங்குகிறதோ? நேற்றிலிருந்து அடிக்கடி போய் முக்குகிறது. மலச்சிக்கலாக இருக்கும், வலிக்குக் கால் பாராசிட்டமால் கொடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ம.

அன்புள்ள ம.,

மாத்திரை கூடாது, பூனையை உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று உங்கள் கடிதம் கண்ட நிமிடமே தனியாக எழுதிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காகவும். ‘எங்கள் பூனையும் பழிவாங்குகிறது’ என்ற வரியைப் பூனை வீடியோக்களின் கீழே பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளரிக்காயை முதலில் முடித்துவிடலாம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பிடும் இடம் பூனைக்குப் பத்திரமான இடமாக இருக்க வேண்டும். காது பின்னால் படிந்து, வால் மயிர் சிலிர்த்து, கண்மணி விரிந்திருந்தால் அது விளையாட்டில்லை, பயம். மகளிடம் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், புரிந்துகொள்வாள். கணக்கை மூடுவதா வேண்டாமா என்பதை நீங்களும் கணவரும் மகளும் உட்கார்ந்து பேசுங்கள். அது ஒரு வாரம் பொறுக்கும். மூத்திரம் பொறுக்காது.

ஒரு மாதம் காத்திருந்திருக்கிறீர்கள். கோபமாகத்தான் இருக்கிறது. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. நுண்கற்களும் சளியும் சேர்ந்த சிறு அடைப்பு போதும், ஒரு சொட்டும் வெளியே வராது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். முழு அடைப்பு என்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். பார்ப்பதற்கு மலச்சிக்கல் மாதிரியே இருக்கும். முக்கும், கத்தும், அடியை நக்கிக்கொண்டே இருக்கும். அடிவயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், நிரம்பிய மூத்திரப்பை கிழியும்.

பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதை உடைத்து வெளியேற்றும் வேலை மனித ஈரலில் நடப்பதுபோல் பூனையின் ஈரலில் நடப்பதில்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு பழுப்பாகிவிடும். கால் மாத்திரையும் கொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் மனிதருக்கான எந்த வலி மாத்திரையையும் நீங்களாகப் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அப்போது பழிக்கு வருவோம். பூனைக்குப் பழி தெரியாது அம்மா. மூத்திரப்பை அழற்சி பல பூனைகளுக்குக் கிருமியே இல்லாமல், மன அழுத்தத்தால் வருகிறது. மூத்திரம் போக வைத்திருக்கும் மணல் தட்டில் உட்காரும்போது வலித்தால் தட்டுதான் வலிக்கு இடம் என்று அது முடிவு செய்துகொள்ளும். மெத்தை மெத்தென்று இருக்கிறது, மகளின் வாசனை இருக்கிறது, அங்கே போகிறது. மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் அந்தப் பயத்தை இரட்டிப்பாக்கும்.

மணல் தட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கடைகளில் விற்கும் தட்டுகளில் பெரும்பாலானவை சிறியவை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்தால் அருமையான தட்டு. மூடி வேண்டாம், நாற்றம் உள்ளேயே தங்கும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, வேறு வேறு அறைகளில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டு. சாப்பாட்டுக்கு அருகிலும் திடீரென்று அதிரும் வாஷிங் மெஷின் அருகிலும் வைக்காதீர்கள். மணல் 5 செ.மீ. ஆழம், பொடியாக, கட்டி பிடிப்பதாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். பூ வாசனை உங்கள் மூக்குக்காகச் சேர்க்கப்படுவது. மணலின் வகையைச் சட்டென்று மாற்றாதீர்கள், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இரண்டு வாரத்தில் மாற்றுங்கள்.

மெத்தையைச் சோப்பால் கழுவினால் நமக்குத்தான் நாற்றம் போகும். அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், மூத்திரம் போலவே மணக்கும். மூத்திரத்தைச் சிதைக்கும் என்சைம் (நொதி) கலந்த சுத்திகரிப்பானை, மூத்திரம் இறங்கிய ஆழம்வரை நனையும்படி ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம்வரை ஊறவிட்டு, தானாக உலர விடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் என்சைம் வேலை செய்யாது. அதுவரை அந்த அறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

பாலும் குறையட்டும். ஈரமான உணவு கூடட்டும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

மகளின் கைபேசிக்கு ஒரு வேலை இருக்கிறது. பூனை தட்டில் உட்காரும் விதத்தை ஒரு முழு வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், வாயால் விவரிப்பதைவிட அது உதவும். தட்டை அள்ளுவதையும் நீங்கள் அவளோடு பகிர்ந்துகொள்ளுங்கள், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. அள்ளும்போது மூத்திரம் பட்டு மணல் திரண்ட கட்டிகளை எண்ணிக் குறிக்கட்டும். நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு, உருண்டையாக இருக்கும். எண்ணிக்கை கூடிக் கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்தாலோ, கட்டியே இல்லாமல் போனாலோ, இரவு எத்தனை மணி ஆனாலும் விடியட்டும் என்று படுக்காதீர்கள்.