பக்கத்து வீட்டுப் புகை: எரிவது குப்பையா, விறகா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கொல்லையில் விறகு அடுப்பு மூட்டி வெந்நீர் போடுகிறார். மாலையில் சருகோடு பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறார். என் அம்மாவுக்கு ஆஸ்துமா. கேட்டால் கேவலமாகப் பேசுகிறார். காம்பவுண்டு சுவர் விஷயத்திலும் எங்களை ஏமாற்றியவர். சுவருக்கு மேல் செல்போனை நீட்டி வீடியோ எடுத்திருக்கிறேன். போலீசில் கொடுத்தால் கைது செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். சுவர் தகராறையும் அவர் பேசிய பேச்சையும் புகாரில் எழுதாதீர்கள். எழுதினால் 'சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று மனுவை முடித்துவிடுவார்கள். சட்டத்துக்கு இங்கே ஒரு கேள்விதான்: எரிவது குப்பையா, விறகா?

குப்பை என்றால் வழி நேரானது. திறந்தவெளியில் குப்பை எரிக்க தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று நாடு முழுவதும் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 இழப்பீடு. இந்தப் புகாரை உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவில் கொடுங்கள்.

விறகு அடுப்பு அந்தத் தடைக்குள் வராது. உங்கள் ஒரு வீட்டை மட்டும் பாதிக்கும் புகை பொதுத் தொல்லையும் ஆகாது. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் போடும் மனு, அக்கம்பக்கத்தினர் சேராமல் நிற்பது கடினம். மிச்சமிருப்பது சிவில் வழக்கு. அடுப்பு எத்தனை வருடமாக எரிகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. 20 ஆண்டு தாண்டியிருந்தால், நீண்டகாலப் பழக்கத்தை உரிமையாக்கும் வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவைக் காட்டி அதையே உரிமையாகக் கேட்பார்.

எனக்குக் கவலை தருவது உங்கள் வீடியோதான். கொல்லை என்றால் குளியலறையும் துணிக்கொடியும் அங்கேதான் இருக்கும். நீங்கள் புகார் கொடுத்த மறுநாளே, 'குளிக்கும்போது படம் எடுத்தார்' என்று அவர் வீட்டுப் பெண்கள் எதிர்ப் புகார் கொடுக்கலாம். இப்படி மாட்டிக்கொண்டு வழக்கறிஞரிடம் வந்த கட்சிக்காரர்கள் உண்டு. காற்றைக் கெடுத்ததற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-வது பிரிவில் அவருக்கு அதிகபட்சம் ரூ.1,000 அபராதம். பெண்ணை அந்தரங்க நேரத்தில் படம் எடுப்பதைத் தண்டிக்கும் அதன் 77-வது பிரிவு நிரூபணமானால் உங்களுக்கு முதல் முறையே குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. இத்தனைக்கும் அந்த வீடியோவில் புகைதான் தெரியும். எரிந்தது பிளாஸ்டிக் என்று தெரியாது. தெரு வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம், மறைத்ததாகச் சொல்வார்கள். மொட்டை மாடியிலிருந்தும் இனி எடுக்க வேண்டாம். வாளித் தண்ணீரோடு அவர் கொல்லைக்குள் போய் அணைத்தால் அத்துமீறல் வழக்கு வரும்.

எரிக்கும் தேதி, நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அந்த நேரத்துக்குச் சுகாதார ஆய்வாளரை வரச் சொல்லுங்கள். சாம்பலில் உருகிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்து அவர் எழுதும் அறிக்கைதான் நிற்கும்.

அடுப்பைப் பொறுத்தவரை சமாதானமாகப் போங்கள். வழக்கு நடக்கும் வருடமெல்லாம் புகையைச் சுவாசிக்கப் போவது உங்கள் அம்மாதான். நன்கு காய்ந்த விறகு மட்டும், புகைபோக்கி உங்கள் ஜன்னலைத் தாண்டி கூரைக்கு மேல், பிளாஸ்டிக் அறவே கூடாது: இந்த மூன்றுக்கும் அவர் சம்மதித்தால் போதும். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். மீறினால் மறுபடி வழக்குப் போட வேண்டிவரும். வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத்தின் டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், மேல்முறையீடு கிடையாது. புகைபோக்கிச் செலவில் பாதியை அவர் உங்களிடம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்கள் வாசலில் சருகு கொளுத்தும் பழக்கம் இருந்தால் மனு கொடுப்பதற்கு முன்பே நிறுத்துங்கள். அவர் முதலில் சொல்லப்போவது அதைத்தான்.