ஒரே எதிராளியிடம் தொடர் தோல்வி

கேள்வி: செஸ்ஸில் ஒரு நண்பரிடம் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்கிறேன். நான் கறுப்புக் காய்களுடன் ஆடும்போது, மந்திரியையும் குதிரையையும் கொண்டு, என் ராஜாவை ஒட்டி எஃப்7 கட்டத்தில் நிற்கும் சிப்பாயைக் குறிவைத்தே வென்றுவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஒருவரிடமே தோற்பதில் ஒரு வசதி உண்டு, அவர் அடுத்து என்ன செய்வார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தோற்ற ஆட்டங்களின் நகர்த்தல்களை எழுதிவைத்து, கணினியைக் கேட்பதற்கு முன், ஆட்டம் எங்கே கைநழுவியது என்று நீங்களே தேடிப் பாருங்கள். அது பெரும்பாலும் மேட் ஆன இடத்துக்கு வெகு முன்னாலேயே இருக்கும்.

வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு வந்ததும், டி5-இல் சிப்பாயை நிறுத்தி மந்திரியின் பாதையை மறிப்பது சரியே. அதை அவர் சிப்பாயால் வெட்டியதும், குதிரையால் பதிலுக்கு வெட்டத்தான் கை துறுதுறுக்கும். உடனே அவர் தம் குதிரையை எஃப்7-இல் பலிகொடுத்து, உங்கள் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடுவார். மாறாக, சி6-இல் உள்ள குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் குறைந்தாலும், உங்கள் காய்கள் விரைவாக வெளியே வரும்.

1984-இல் உலகச் செஸ் பட்டத்துக்காக, அப்போதைய சாம்பியன் கார்ப்போவுடன் மோதிய காஸ்பரோவ், முதல் 9 ஆட்டங்களில் நான்கில் தோற்ற பின், அவசரத் தாக்குதல்களைக் குறைத்துக்கொண்டு டிராக்களைக் குவித்தார். 48 ஆட்டங்களுடன் அப்போட்டி நிறுத்தப்பட்டது. 1985 நவம்பரில் அதே கார்ப்போவை வென்று உலகச் சாம்பியனானார். அத்தனை ஆட்டங்கள் உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: அடுத்த முறை வெள்ளைக் காய்களைக் கேட்டு வாங்கி, அவருடைய தாக்குதலை அவர்மீதே தொடுத்து, அவர் எப்படித் தடுக்கிறார் என்று கவனியுங்கள்.