கயாக் கற்றுக்கொடுக்க எப்படிப்பட்ட ஆறு வேண்டும்?

புதியவர்களுக்குக் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு, பழக்க எந்த ஆறு சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு எவ்வளவு கடினம் என்று சொல்லும் சர்வதேச அளவுகோலில் 6 தரங்கள், 1 தான் மிக எளிது; ஆரம்பத்துக்கு 1, 2 போதும். ஆனால் தரத்தைவிட, வேகநீர் முடிந்ததும் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கவிழ்ந்தவர் நீந்திக் கரையேற, மிதந்து போகும் படகையும் துடுப்பையும் எட்டிப் பிடிக்க, அங்கே அகன்ற, அமைதியான தண்ணீர் வேண்டும். பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்துச் சுழலும் இடங்கள் நிறைய இருந்தால் நின்று நின்று பழகலாம்.

நேபாளத்தில் தமௌலி ஊருக்குக் கீழே ஓடும் சேத்தி ஆறு நல்ல உதாரணம்: தண்ணீர் அவ்வளவாகச் சில்லிடாது, கரையில் மணல். குளிரில் நடுங்குகிறவருக்குப் பாடம் எங்கே ஏறும்?

சாய்ந்து கிடக்கும் மரமோ தடுப்பணையோ உள்ள பகுதி மட்டும் வேண்டவே வேண்டாம், தண்ணீர் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும். கிளைகளுக்குள் நீர் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.