ஈறு சிகிச்சைக்கு இன்னொரு மருத்துவரைக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஓராண்டாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, வலி கிடையாது. பல் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று, எங்கள் குடும்பமே பல வருடங்களாகப் போய்வரும் பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர், "ஈறு நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது. நான்கு தடவை வந்து டீப் கிளீனிங் செய்துகொள்ள வேண்டும். கடைவாய்ப் பக்கம் இரண்டு இடத்தில் ஈறைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். லேசரும் சேர்த்துக்கொண்டால் நல்லது" என்றார். அன்றைக்கே தேதி குறிக்கச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். "வலியே இல்லை, எதற்கு ஆபரேஷன்?" என்கிறார் என் கணவர். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். வேறு மருத்துவரிடம் காட்டினால் இவர் மனம் புண்படுமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தாராளமாகக் காட்டுங்கள். ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போன பிறகு இன்னொருவரைக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மறைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். "டாக்டர், முடிவெடுப்பதற்கு முன்னால் ஈறு சிறப்பு மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிட்டு வருகிறேன். என் எக்ஸ்ரேயும், ஈறு அளவு எழுதிய தாளும் ஒரு பிரதி கொடுங்கள்" என்று நேரிலேயே கேளுங்கள். பல வருடப் பழக்கம் உள்ளவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. திரும்பி வந்து அவரிடமே சிகிச்சை எடுத்துக்கொள்ளவும் அதுதான் வசதி.

அந்த அளவுத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எக்ஸ்ரே பற்றி எழுதியிருக்கிறீர்கள், அளவெடுத்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நினைத்துப் பாருங்கள்: மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் வைத்துப் பார்த்து, "மூன்று, இரண்டு, ஐந்து" என்று எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டாரா? ஈறு நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது அந்த எண்கள்தான். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஆரோக்கியமான ஈறு. 4 அல்லது அதற்கு மேல் போனால், ஈறு பல்லைவிட்டு விலகிப் 'பாக்கெட்' எனப்படும் பள்ளம் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 6 என்றால் ஆழமான பாக்கெட். கூடவே எந்தெந்த இடத்தில் ரத்தம் கசிந்தது, ஈறு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, எந்தப் பல் ஆடுகிறது, கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடம் வரை நோய் எட்டியிருக்கிறதா என்பதையும் எழுதுவார்கள்.

எக்ஸ்ரே மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். அந்தத் தேய்மானம் பத்து வருடத்துக்கு முன்னால் நடந்து நின்றுபோனதா, இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறதா என்பதைக் காட்டாது. முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் பெரிய எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தால், ஒவ்வொரு பல்லின் நுணுக்கமும் அதில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆக, அளவு எடுக்கவில்லை என்றால் சிகிச்சைத் திட்டத்துக்கான ஆதாரம் இன்னும் முழுமையாகவில்லை. முதலில் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். சுத்தம் செய்தபின் ஈறு வீக்கம் வற்றி எண்கள் மாறிவிடும். முதலில் இருந்த நிலையைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஈறு நோயில் வலி நம்பத்தகுந்த அடையாளம் இல்லை. பல்லில் படியும் கிருமிப் படலம் நாளடைவில் காரையாக இறுகுகிறது. அதன்மேல் கிருமிகள் மேலும் மேலும் படிய, உடல் அவற்றோடு போராடுகிறது. முதல் கட்டத்தில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும். அந்த நிலையில் சுத்தம் செய்தால் முழுக்கச் சரியாகிவிடும். சிலருக்கு அது உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்பி வளராது. இத்தனையும் வலியே இல்லாமல் நடக்கும். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் பலர் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். வலி வருவதற்கு முன்பே நீங்கள் போனது நல்லதாயிற்று.

இனி, உங்கள் மருத்துவர் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே நாளில் சம்மதம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

டீப் கிளீனிங் என்பது ஈறுக்குக் கீழே வேரின்மேல் ஒட்டியிருக்கும் காரையை எடுப்பது. பாக்கெட் இருப்பது அளவில் தெரிந்தால் இதில் இரண்டாவது கருத்துக்கு அதிக இடமில்லை. எந்த ஈறு சிறப்பு மருத்துவரைக் கேட்டாலும் இங்கிருந்துதான் தொடங்குவார். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வதால் வலி தெரியாது. நான்கு தடவையாகச் செய்தாலும் ஒன்றிரண்டு தடவையில் முடித்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், "இவர் நான்கு என்கிறார், அவர் இரண்டு என்கிறாரே" என்று அதை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம். செய்தபின் ஈறு வற்றி இறங்கும். பற்கள் கொஞ்சம் நீளமாகத் தெரியும், இடுக்குகளில் இடைவெளி தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரம் கூசும். பல் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்ற பயம் இதனால்தான் பரவியிருக்கிறது. காரையும் வீக்கமும் இதுவரை மறைத்து வைத்திருந்த இழப்புதான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சிகிச்சை உண்டாக்கியதாக நினைத்துவிடாதீர்கள்.

ஆபரேஷன்தான் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய இடம். பெரும்பாலான நோயாளிகளுக்கு அதை இன்றைக்கே தீர்மானிக்க முடியாது. டீப் கிளீனிங் முடிந்து ஆறு வாரம் முதல் மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கம்பியை வைத்து அளக்க வேண்டும். பல பாக்கெட்டுகள் அதற்குள் சுருங்கியிருக்கும். ஐரோப்பிய ஈறுநோய்க் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலும் இப்படித்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறது: மறு அளவில் 4, 5 மில்லிமீட்டர் மிஞ்சியிருந்தால் அந்த இடத்தைத் திரும்பச் சுத்தம் செய்வது, 6 அல்லது அதற்கு மேல் மிஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து செய்வதைப் பற்றி யோசிப்பது. வீட்டில் பல் சுத்தம் சரியாக இல்லாதவருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டாம் என்றும் அது சொல்கிறது. உங்கள் மருத்துவர் "ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தால் அது நேர்மையான பேச்சு. மறு அளவு பார்ப்பதற்கு முன்பே தேதி குறித்தால், "எந்தப் பல்லில், எத்தனை மில்லிமீட்டர், முதலில் சுத்தம் செய்து பார்த்தால் என்ன?" என்று கேளுங்கள். எலும்புக் குழியின் வடிவத்தையோ வேர் பிரியும் இடத்தையோ காட்டி அவர் காரணம் சொன்னால் அதைக் குறித்துக்கொண்டு போய்ச் சிறப்பு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லேசர் அவசியமில்லை. சாதாரண முறையில் வேரைச் சுத்தம் செய்வதோடு லேசரையும் சேர்த்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அதே 2020 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவும் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது. ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். காரை அங்கேயே இருக்கும்வரை மாத்திரையால் தீராது.

யாரிடம் போவது? ஈறு நோயில் மேற்படிப்பு படித்த பெரியோடான்டிஸ்ட்டிடம். போனதும் முதல் மருத்துவர் சொன்னதை ஒப்பிக்க வேண்டாம். எக்ஸ்ரேயைக் கொடுங்கள், அதே படத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. அவரே அளந்து, அவரே தன் முடிவைச் சொல்லட்டும். அதன்பிறகு முதல் தாளையும் திட்டத்தையும் காட்டி, வித்தியாசம் எங்கே, ஏன் என்று கேளுங்கள். இந்த வரிசையில் போனால்தான் உங்களுக்குச் சுதந்திரமான இன்னொரு கருத்து கிடைக்கும்.

இரண்டு பேர் எண்களும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. கம்பியை எவ்வளவு அழுத்தினார், எந்தச் சாய்வில் வைத்தார் என்பதைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருப்பது சகஜம். ஒருவர் 5 என்றும் மற்றவர் 4 என்றும் சொன்னால் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் 7 என்று சொன்ன இடத்தில் மற்றவர் 3 என்றால்தான் இருவரில் ஒருவர் உங்கள் முன்னாலேயே மறுபடி அளக்க வேண்டும். நோய் இருக்கிறது என்பதில் ஒத்துப்போய், எதை முதலில் செய்வது என்பதில் மட்டும் வேறுபட்டால், சின்னதில் தொடங்கி மறு அளவு பார்க்கும் திட்டத்தையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அதில் கதவு எதுவும் அடைபடுவதில்லை. பல்லையே எடுக்க வேண்டும் என்று ஒருவரும் காப்பாற்றலாம் என்று இன்னொருவரும் சொல்லும் நிலை வந்தால் மூன்றாவது ஒருவரைக் கேட்பதிலும் தவறில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "ஒன்றும் வேண்டாம், மேலாக ஒருமுறை கிளீன் பண்ணினால் போதும்" என்று சொல்லும் ஒருவர் கிடைக்கும்வரை மருத்துவர் மாற்றி மருத்துவர் போகாதீர்கள். மேலோட்டமான சுத்தத்தில் ஈறின் ஓரம் வெளுத்து ரத்தம் குறையும். அடியில் பாக்கெட் அப்படியே இருக்கும். ரத்தம் நின்றதை நம்பி மூன்று நான்கு வருடம் விட்டுவிட்டால், அதற்குள் போன எலும்புக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்கிறவரிடமும் அதே எண்களைக் கேளுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இது வாயோடு நிற்கும் விஷயம் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் போகும், ஆறவும் தாமதமாகும். ஈறு நோயும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அண்மையில் எடுத்த ஹெச்பிஏ1சி முடிவை இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் ஈறு நோய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் எடுத்துப்போங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் போன்ற சில மருந்துகள் ஈறைத் தடிக்க வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளைப் பற்றி ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்? உங்கள் வயதில் வரும் ஈறு நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். இன்னொருவரைப் பார்க்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் எதுவும் கெட்டுவிடாது. அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டிய அவசரம் உங்களுக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்த வாரங்களில் காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள்; பல் இடுக்குகளுக்கு அதற்கென்றே உள்ள சின்ன பிரஷ்ஷை இன்றிரவே தொடங்குங்கள். முதலில் சில நாள் ரத்தம் வரும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஈறில் சீழ் வந்தாலோ, திடீரென்று ஒரு பல் ஆடத் தொடங்கினாலோ இரண்டாவது கருத்துக்குக் காத்திராமல் கிடைக்கிற பல் மருத்துவரை உடனே பாருங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.