வீட்டில் கார், பைக் வேலை பார்க்க எந்த கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் ஒரு சின்ன கார், ஒரு புல்லட், ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, டயர் மாற்றிப் போடுவது, பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் வரை நீங்களே பார்க்க ஆசை, 1000 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின், அதாவது டார்க்கின் அளவு) என்று போட்டிருக்கும் பெரிய கன் (இம்பாக்ட் ரெஞ்சைத்தான் இப்படிச் சொல்வார்கள்) வாங்குவதா, 300 போதுமா?

300 போதும். அரை இஞ்ச் ஸ்கொயர் (சாக்கெட் மாட்டும் சதுர நுனியின் அளவு), பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ளே தேயும் கார்பன் பிரஷ் இல்லாதது), 18 வோல்ட், இறுக்கும் சக்தி 300 முதல் 400 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் நடுத்தர கன் ஒன்றை வாங்குங்கள். பெரிய கன்னுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் மிச்சமாவதை வைத்து ஒரு நல்ல டார்க் ரெஞ்சும் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கைக்கருவி), நட்டைக் கவ்வும் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் செட்டும் வாங்குங்கள். கன் கழற்றுவதற்கு மட்டும், இறுக்குவது கையால் என்று முடிவு செய்துகொண்டால் எந்த கன் என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் போய் நின்றால் பெட்டி மேல் இருக்கும் நம்பரைத் தவிர வேறு எதையும் யாரும் பேசுவதில்லை.

முதலில் வீல் நட்டைப் பாருங்கள். ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவில் 103, சுஸுகியின் சின்ன கார்களில் 85 முதல் 100 வரை என்றுதான் கம்பெனி சொல்கிறது (உங்கள் காருக்கு எவ்வளவு என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்). அப்படியானால் 300 என்பதே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் நிஜத்தில் அந்த நட்டு 108-இல் இருப்பதில்லை. பஞ்சர் கடையில் காற்று கன்னை வைத்து நன்றாக அமுக்கி விட்டிருப்பார்கள், அல்லது யாராவது ஸ்பேனர் மேல் ஏறி மிதித்திருப்பார்கள். 60 கிலோ ஆள் 40 சென்டிமீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 235 நியூட்டன் மீட்டர் போய்ச் சேரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் துரு வேறு. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக் காத்துப் படும் ஊர் என்றால் மூன்று நான்கு வருடத்தில் அடிப்பக்க போல்ட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். இதையெல்லாம் சேர்த்தாலும் வீட்டுக் காரில் நீங்கள் தொடப்போகும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை நடுத்தர கன்னின் கழற்றும் சக்திக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். பெட்டியில் இரண்டு நம்பர் இருக்கலாம். ஒன்று இறுக்கும்போது கிடைக்கும் உச்ச டார்க், இன்னொன்று இறுகிக் கிடக்கும் நட்டை உடைத்து விடுவிக்கும்போது கிடைப்பது. இரண்டாவது எப்போதும் பெரிய நம்பர், அதனால் விளம்பரத்தில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். மகிட்டா டிடிடபிள்யூ300 என்றால் இறுக்க 330, கழற்ற 580. பாஷ் ஜிடிஎஸ் 18வி-400 என்றால் 400, 600. டிவால்ட் டிசிஎஃப்922 என்றால் 406, 610. மூன்றும் ஒரே வகுப்பு, இந்த வகுப்பைத்தான் நான் சொல்கிறேன். ஒரு கம்பெனியின் முதல் நம்பரை இன்னொரு கம்பெனியின் இரண்டாவது நம்பரோடு ஒப்பிட்டுவிட்டு "இது அதைவிட டபுள்" என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு நம்பர்தான் போட்டிருக்கிறது, எது என்று சொல்லவில்லை என்றால் அது இரண்டாவது நம்பர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் டிவால்ட் டிசிஎஃப்899 மாதிரி 950-க்கு இறுக்கி 1625-க்குக் கழற்றும் ராட்சசர்கள் இருக்கிறார்கள். லாரி, டிராக்டர், ஜேசிபி வேலைக்கு அவை வேண்டும். வீட்டில்? பேட்டரி போட்டால் மூன்று கிலோவைத் தாண்டும். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போல்ட் தலையில் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், அரை நிமிடத்தில் கை நடுங்கும். அதோடு தலைப் பகுதியும் நீளம், வீல் ஆர்ச்சுக்குள் ஷாக் அப்சார்பர் போல்ட் பக்கம் பல கார்களில் நுழையவே நுழையாது. நுழையாத கன்னில் 1625 இருந்து என்ன பிரயோஜனம்?

கன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பல விஷயம் தானாகவே விளங்கும். மோட்டார் நேரடியாக நட்டைத் திருப்புவதில்லை. உள்ளே ஒரு கனமான இரும்புச் சுத்தியல் சுழல்கிறது, அதற்கு முன்னால் சாக்கெட் மாட்டும் தண்டு. எதிர்ப்பு குறைவாக இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். நட்டு மறுத்ததும் சுத்தியல் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் நழுவி, தடையைத் தாண்டியதும் மறுபடி முன்னால் பாய்ந்து தண்டின் காதில் பக்கவாட்டாக அறையும். ஒரு சுற்றுக்கு இரண்டு அறை, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில். விசை அடியாகப் போவதால்தான் இவ்வளவு டார்க் வந்தும் உங்கள் மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை. அடியாகப் போவதால்தான் நீள எக்ஸ்டென்ஷன், யூனிவர்சல் ஜாயின்ட், அடாப்டர் என்று நடுவில் எதை மாட்டினாலும் அது கொஞ்சம் அடியைத் தின்றுவிடும். முடிந்தவரை டீப் சாக்கெட்டை (நீளமான சாக்கெட்) நேராக கன்னில் மாட்டுங்கள். கன் போதவில்லை என்று நினைத்த பல இடத்தில் பார்த்தால் நடுவில் ஒரு ஒல்லியான எக்ஸ்டென்ஷன் இருக்கும்.

காதையும் பழக்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த நட்டில் வைத்து அழுத்தினால் முதலில் கூர்மையான, இறுக்கமான சத்தம் வரும், நட்டு அசையவே அசையாது. சில வினாடி கழித்து அந்தச் சத்தம் திடீரென்று தணிந்து தளரும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி சர்ரென்று சுற்றி வெளியே வரும். பத்து வினாடி அடித்தும் சத்தம் மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முயற்சி செய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் நீளமான பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டிக் கையால் திருப்பும் கனமான கம்பி). அடித்துக்கொண்டே இருந்தால் கன் சூடாகும், போல்ட்டின் மூலைகள் மழுங்கும், வேறு எதுவும் நடக்காது. (நல்ல இயர் பிளக், கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். மூடிய கார் ஷெட்டில் இந்தச் சத்தம் ரொம்ப அதிகம்.)

அடுத்து பேட்டரி. என் கருத்தில் கன்னைவிட இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில்லோ கிரைண்டரோ இருந்தால் அதே குடும்பத்தில் பேட்டரி இல்லாத வெறும் கன்னை வாங்குங்கள், பெரிய தொகை மிச்சமாகும். 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று வேறு வேறாக எழுதியிருப்பது எல்லாம் ஒன்றுதான்: உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கிறது, சராசரியாக 3.6 வீதம் கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் 4.2 வீதம் கணக்கிட்டால் 21. மலிவுக் கன்களின் மேல் 88, 388 என்று எழுதி பின்னால் வி.எஃப் என்று ஏதோ போட்டிருப்பார்கள் பாருங்கள், அது வோல்ட் இல்லை. திறந்தால் அதே ஐந்தின் வரிசைதான் இருக்கும்.

வோல்ட் ஒன்றாக இருந்தாலும் ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) முக்கியம், ஓடும் நேரத்துக்காக மட்டும் இல்லை. சாதாரண 2 ஆம்பியர்-அவர் பேக்கில் ஐந்து செல். 4 அல்லது 5-இல் பெரும்பாலும் பத்து செல், இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்யும். சுத்தியல் அடிக்கும்போது கன் உறிஞ்சும் கரன்ட் அதிகம்; ஐந்து செல்லால் தனியாகத் தாங்க முடியாமல் வோல்டேஜ் தொய்ந்துவிடும், டார்க்கும் கூடவே இறங்கும். அதே கன்னில் சின்ன பேட்டரியோடு திணறிய நட்டு பெரிய பேட்டரி போட்டதும் வந்துவிடுவது இதனால்தான். 1000 போட்ட கன்னைச் சின்ன பேட்டரியோடு வாங்குவதைவிட 400 போட்டதை 5 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு வாங்குவது எவ்வளவோ மேல்.

பெயர் தெரியாத மலிவு கன் வாங்கலாமா? வருடத்துக்கு இரண்டு முறை டயர் கழற்றுவதோடு சரி என்றால் வாங்கலாம், வீல் நட்டை அது கழற்றும். ஆனால் பேட்டரி செத்த பிறகு அதே மாதிரி பேட்டரி கிடைக்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் வரை போகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே நல்ல கம்பெனி.

கம்பிரஸரும் காற்று கன்னும் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு கம்பிரஸர் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, உண்மைதான். பெயின்ட் அடிப்பது, ஊதிச் சுத்தம் செய்வது என்று வேறு வேலையும் இருந்தால் நல்ல யோசனை. டயருக்காக மட்டும் என்றால் இடம், சத்தம், ஹோஸ் எல்லாம் வேண்டாத தொல்லை.

இப்போது சாக்கெட். டூல் பாக்ஸில் இருக்கும் பளபளப்பான குரோம் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் மாட்டவே மாட்டாதீர்கள். அது கையால் திருப்புவதற்குக் கடினப்படுத்தியது, அடி தாங்காது, விரிசல் விட்டால் சில்லு முகத்துக்கு நேராகப் பறக்கும். கறுப்பாக, சுவர் தடிமனாக இருப்பதுதான் இம்பாக்ட் சாக்கெட். குரோம் மாலிப்டினம் ஸ்டீல், அடி விழுந்தால் உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 17, 19, 21 மூன்றும் டீப் சைஸில் இருந்தால் நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவற்றின் வீல் நட்டுக்குப் போதும், ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 21, ஹோண்டாவுக்கு 19. அலாய் வீல் என்றால் வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட ஒல்லியான சாக்கெட் கிடைக்கும், வீல் ஓட்டைக்குள் கீறல் விழாது.

இறுக்கும் கதைக்கு வருகிறேன், இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நட்டைக் கையால் நான்கைந்து மரை சுற்றி ஏற்றிய பிறகுதான் எந்தக் கருவியும் அதன் பக்கம் வர வேண்டும். கோணலாக ஏறிய நட்டை கன் இரக்கமே இல்லாமல் ஏற்றி மரையை அழித்துவிடும், உங்கள் கைக்கோ ஒன்றும் தெரியாது. கன்னில் குறைந்த ஸ்பீடு மோட் இருந்தால் அதில் வைத்து நட்டு வீலில் போய் ஒட்டும்வரை மட்டும் ஓட்டலாம். ஜாக்கியை இறக்கியதும் டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி, அதுவும் ஒவ்வொரு நட்டிலும் ஒவ்வொரு அளவில் இறுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) இழுபடும், பிரேக் டிஸ்க் சரியாக உட்காராமல் பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர ஆரம்பிக்கும். ஸ்டட் மரையில் கிரீஸ் தடவாதீர்கள், கையேட்டில் இருக்கும் நம்பர் காய்ந்த மரைக்குச் சொன்னது. எண்ணெய்ப் பசை இருந்தால் அதே டார்க்கில் இறுக்கம் அதிகமாகிவிடும். நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கூட்டரில்தான் இந்த கன் உண்மையாகவே ஜொலிக்கும். வேரியேட்டர் (ஸ்கூட்டரில் கியருக்குப் பதிலாக இருக்கும் பெல்ட் புல்லி) நட்டைக் கழற்றும்போது கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) கூடவே சுற்றும், பிடித்து நிறுத்தத் தனி ஹோல்டர் தேடுவார்கள். கன் வைத்தால் கிராங்க் அசைவதற்குள் அடி போய்ச் சேர்ந்து நட்டு வந்துவிடும். புல்லட்டின் முன் ஸ்பிராக்கெட் நட்டும் அப்படியே. ஆனால் பைக்கில் அலுமினியம் அதிகம். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட், கிளட்ச் கவர் போல்ட் பக்கம் கன்னைக் கொண்டு போகவே கூடாது. டிரெயின் போல்ட் எல்லாம் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் சமாச்சாரம், கன்னின் மிகச் சின்ன மோட் கூட அதைத் தாண்டிப் போய்விடும்.

ஷாக் அப்சார்பர் வேலைக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஷாக் கீழ்ப்பக்கம் வீல் ஹப்போடு சேரும் அந்த இரண்டு போல்ட்டுகளில், சில கார்களில் போல்ட்டின் கழுத்தில் பற்கள் இருக்கும். அங்கே போல்ட் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் சுற்ற வேண்டும், தலையைச் சுற்றினால் துளை வீணாகும். பிடிக்கும் ஸ்பேனர் எந்தப் பக்கம் வந்து அடிக்கும் என்று முன்பே பார்த்து விரலை ஒதுக்கி வையுங்கள். அப்புறம் காயில் ஸ்பிரிங்கை அமுக்கும் கம்பிரஸரின் நீள ஸ்குரூவை ஒருபோதும் கன் வைத்துச் சுற்றாதீர்கள், மெதுவாகக் கையால் மட்டும், இரண்டு பக்கமும் மாறி மாறி. அதிர்வில் அந்த மரை போய்விட்டால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். கார் ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கும்போது கன் வைத்து அடிப்பதற்கு முன் வண்டியைக் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கன்னோடு போகாதீர்கள்.