இரவு ஷிப்டில் பாஸ்வேர்டு யார் கையில்?

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஆலை நடத்துபவர்கள், பராமரிப்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு போனால் பணம் போகும். ஆலை பேனலின் பாஸ்வேர்டு போனால், சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். அவரை மனத்தில் வைத்துத்தான் எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருக்கிறேன் சார். அரவை மோட்டார், கிழங்குப்பால் பம்பு எல்லாம் ஒரே டச் ஸ்கிரீன் பேனலில் ஓடுகின்றன. பேனல் போட்டவர்கள் கொடுத்துவிட்டுப் போன 1111தான் இன்னும் பாஸ்வேர்டு. செல்போனில் பார்க்க ஒரு சிம் ரூட்டரும் மாட்டியிருக்கிறார்கள். கிழங்கு அரைக்கிற ஆலையை எவன் வந்து தாக்கப்போகிறான்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து அலிக்கிப்பா ஊர்க்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2023 நவம்பரில், அந்த ஊர்க் குடிநீர் வாரியத்தின் பூஸ்டர் பம்பு நிலையம் ஒன்றில் இருந்த யூனிட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தின் கன்ட்ரோலர் (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) திரையில் மிரட்டல் வாசகம் வந்து நின்றது. ஊழியர்கள் தானியங்கி முறையை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கினார்கள். அந்த வகைக் கருவிகளுக்குத் தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டும் உங்களுடையதேதான்: 1111. தாக்கியவர்களுக்கு அந்த ஊர்மேல் எந்தப் பகையும் இல்லை. இஸ்ரேல் தயாரிப்பு என்பதால் அந்த பிராண்டை இணையத்தில் தேடினார்கள். தேடியதில் அந்த ஊர் அகப்பட்டது.

பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அதைவிட முக்கியம் அந்த ரூட்டர். பேனல் போட்டவர்களைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து பேனலுக்கு நேராக வரும் போர்ட்டை மூடச் சொல்லுங்கள். பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். (பூட்டிய தனி இணைப்பு) வழியாகப் பாருங்கள். ரூட்டருக்கென்று தனி பாஸ்வேர்டு ஒன்று உண்டு, அதையும் மாற்ற வேண்டும். செல்போனிலிருந்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள். அரவையில் ஆள் கை வைத்திருக்கிறாரா என்பது உங்கள் போனுக்குத் தெரியாது.

ஓமலூர் அருகே நூற்பாலை ஒன்றில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். ஒரு மெஷினின் பி.எல்.சி. (அதை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராமுக்கு பாஸ்வேர்டு போட்டவர் ஊரைவிட்டே போய்விட்டார். போன் எடுப்பதில்லை. பாஸ்வேர்டை உடைத்துத் தரும் சாஃப்ட்வேர் இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். 2022இல் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் இப்படி விற்ற ஒரு மென்பொருளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அது பாஸ்வேர்டை உடைக்கவே இல்லை. கன்ட்ரோலரில் இருந்த ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி, பாஸ்வேர்டை அப்படியே வெளியே அனுப்ப வைத்தது. கேட்டது கிடைத்ததால் வாங்கியவருக்கு மகிழ்ச்சி. அதே நேரத்தில் அவர் லேப்டாப்பில் சாலிட்டி என்ற வைரஸைக் குடியேற்றியது. அந்த லேப்டாப்பைத்தானே நாளை அடுத்த மெஷினிலும் செருகுவீர்கள்?

நேர்வழி கொஞ்சம் நீளமானது. பி.எல்.சி. தயாரிப்பாளரிடம் ஆலையின் லெட்டர்ஹெட்டில், கொள்முதல் பில்லோடு எழுதிக் கேளுங்கள். பல மாடல்களில் பாஸ்வேர்டை நீக்க வழி உண்டு, ஆனால் புரோகிராமும் சேர்ந்து அழியும். அதனால் மெஷின் தயாரிப்பாளரிடம் புரோகிராமின் பிரதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் ரீசெட் பக்கம் போகாதீர்கள். அந்த மென்பொருளை ஏற்கெனவே ஓட்டிவிட்டிருந்தால், லேப்டாப்பை ஆலை நெட்வொர்க்கிலிருந்து உடனே பிரியுங்கள். நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, ஸ்காடா (ஆலையைக் கணினித் திரையிலிருந்து கண்காணித்து இயக்கும் மென்பொருள்) போன்ற அமைப்புகளைப் பாதிக்கும் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும்.

இதில் உங்கள் முதலாளியும் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெஷினுக்குப் பணம் கொடுத்தது ஆலை. பாஸ்வேர்டும் ஆலைக்குத்தான் சொந்தம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் புரோகிராம் பிரதியும் பாஸ்வேர்டும் கைக்கு வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பார்க்கில் ஸ்காடா மென்பொருள் எழுதும் சிறு குழுவில் இருக்கிறேன். பயனர் பாஸ்வேர்டுகளை ஏ.இ.எஸ். என்ற மறையாக்க முறையில் பூட்டி டேட்டாபேஸில் வைக்கிறோம். சாவி, நிரலுக்குள்ளேயே இருக்கிறது. டீம் லீடர் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் மனம் சொல்வதுதான் சரி. கதவைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலேயே வைத்துவிட்டுப் போவதைப் போன்றது இது. உங்கள் மென்பொருளின் ஒரு பிரதி கிடைத்தால் சாவி கிடைத்தது. ஒரு வாடிக்கையாளரிடம் எடுத்த சாவி, எல்லா வாடிக்கையாளரின் டேட்டாபேஸையும் திறக்கும்.

பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. அடித்தது சரியா என்று பார்த்தால் போதும். நம் ஊர் வழக்கில் சொன்னால், அரைத்த மாவு மறுபடி கிழங்காகாது. ஹேஷ் என்ற ஒருவழிக் கணக்கு செய்வது அதுதான். ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக, ஊகிக்க முடியாதபடி உருவாக்கிய சால்ட் (கூடுதல் எழுத்துச் சரம்) சேர்த்து அரைத்தால், இரண்டு ஆபரேட்டர்கள் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்கும். ஆனால் எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-256 போன்ற ஹேஷ் முறைகளை வெறுமனே பயன்படுத்தாதீர்கள். அவை வேகத்துக்காகச் செய்தவை. திருடியவரிடம் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்த்துவிடுவார். வேண்டுமென்றே மெதுவாகவும் நினைவகத்தை நிறையத் தின்னும்படியும் செய்யப்பட்டது ஆர்கான்2. 2015இல் பாஸ்வேர்டு ஹேஷுக்கென்றே நடந்த போட்டியில் வென்றது அது. ஆர்கான்2ஐடி வகையில் 19 எம்.பி. நினைவகம், 2 சுற்று என்பது ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் அளவுகளில் ஒன்று. கன்ட்ரோல் ரூமின் பழைய கணினியும் தாங்கும். ஆர்கான்2 கிடைக்காத இடத்தில் பி.பி.கே.டி.எஃப்.2 என்ற முறை, எஸ்.எச்.ஏ.-256 உடன் 6,00,000 சுற்று.

தமிழில் பாஸ்வேர்டு ஏற்கும் மென்பொருள் என்றால் இன்னும் இரண்டு சங்கதிகள். பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறையைப் பயன்படுத்தினால் அது முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 24 குறிகளில் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பின் என்ன அடித்தாலும் ஒன்றுதான். அடுத்தது, ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரும், இரண்டு குறிகளாகவும் வரும். ஹேஷுக்கு முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், பகல் ஷிப்ட் கணினியில் திறந்த பாஸ்வேர்டு இரவில் வேறு கீபோர்டில் திறக்காது.

உங்கள் மென்பொருள் டேட்டாபேஸில் நுழைய ஒரு பாஸ்வேர்டு இருக்குமே, அது எங்கே இருக்கிறது? பயனர் பாஸ்வேர்டை ஹேஷ் செய்துவிட்டு இதை நிரலில் எழுதிவைத்தால் பின்கதவைத் திறந்துபோட்டதாகிவிடும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், சீமென்ஸின் வின்சிசி மென்பொருளில் அப்படிப் பதித்துவைத்திருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டைப் பயன்படுத்திக்கொண்டது. மாற்றினால் ஆலைகளின் இயக்கம் பாதிக்கப்படலாம் என்பதால், அதை மாற்ற வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் சீமென்ஸே சொல்ல நேர்ந்தது. தெரிந்துபோன பாஸ்வேர்டு, ஆனால் மாற்ற முடியாது: ஆலைக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடி, அந்த வைரஸ் பரவிய கணினிகள் நம் நாட்டில்தான் அதிகம் இருந்தன. எனவே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஒவ்வொரு நிறுவலிலும் புதிதாக உருவாகும்படி செய்யுங்கள், அல்லது விண்டோஸின் சர்வீஸ் அக்கவுண்ட்டிடம் விட்டுவிடுங்கள்.

இதை டீம் லீடரிடம் அப்படியே காட்டலாம். பழைய பயனர்களைக் கலைக்க வேண்டாம். ஒவ்வொருவரும் அடுத்த முறை உள்ளே வரும்போது ஹேஷுக்கு மாற்றி, பழையதை அழித்துவிடலாம். ஒரு வருடம் ஆகியும் வராதவரின் கணக்கை மூடுங்கள்.

மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ். எல்லோரும் ‘ஆபரேட்டர்’ என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போகிறோம். ஆடிட்டர் வந்து, ஆளுக்கொரு லாகின், மூன்று முறை தவறினால் பூட்டு என்கிறார். பூட்டு எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆடிட்டர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு உங்கள் பயம் நியாயம்.

முன்பு நான் வேலை பார்த்த ஆலையில், ஐந்து முறை தவறினால் அரை மணி நேரம் பூட்டு என்று அமைத்தவன் நான்தான். ஒரு மழை இரவில் கரண்ட் போய் வந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்குகிறது என்று அலாரம். கை நடுங்க அடித்ததில் ஐந்து முறையும் தவறி, திரை பூட்டிக்கொண்டது. அந்த ஆபரேட்டர் இருட்டில் ஓடிப்போய், பம்பைக் கையால் போட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை நான் மறக்கவில்லை. மறுநாளே அந்தப் பூட்டை எடுத்தேன்.

ஆலைக் கணினிப் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62443 தரநிலையும் இதைத்தான் சொல்கிறது: அணுகல் கட்டுப்பாடு எதுவும் இன்றியமையாத இயக்கத்தைத் தடுக்கக் கூடாது. ஆகவே திரையைப் பார்ப்பது, அலாரத்தை ஏற்பது, நிறுத்துவது ஆகிய மூன்றும் கன்ட்ரோல் ரூமில் எப்போதும் திறந்தே இருக்கட்டும். செட்பாயின்ட் (இலக்கு அளவு) மாற்ற, இன்டர்லாக்கை (ஆபத்தில் தானே நிறுத்தும் பாதுகாப்பை) பைபாஸ் செய்ய, ரெசிப்பி (தயாரிப்பு முறை) திருத்த மட்டும் ஆளுக்கொரு லாகின் கேளுங்கள். தவறாக அடித்தால் பூட்டாமல் சில நொடி காக்க வைத்தால் போதும். வெளியிலிருந்து வரும் ரிமோட் இணைப்புக்கு மூன்று முறை பூட்டு தாராளமாக இருக்கலாம். கையுறையோடு எழுத்து அடிப்பது சிரமம் என்றால் கார்டும் நான்கு இலக்க எண்ணும் சேர்த்து வையுங்கள்.

ஆளுக்கொரு லாகின் என்பதை உங்கள் ஆட்கள் வேவு பார்ப்பதாக நினைப்பார்கள். பைபாஸ் போட்டது யாரென்று தெரியாதபோது, அன்று ட்யூட்டியில் இருந்த எல்லோர் தலையும்தான் உருளும். தவறு செய்யாதவரைக் காப்பது அந்தப் பெயர்தான் என்று ஷிப்ட் மாறும் நேரத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இன்னும் சரியா? — சூரமங்கலம் வாசகர்

தேவையில்லை. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017லேயே அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார்கள். நீளமாக வைத்து, வெளியே போன சந்தேகம் வந்தால் மாற்றுங்கள். பொதுவாக ஒரு பாஸ்வேர்டு இருக்குமானால், அதை அறிந்த ஒருவர் வேலையைவிட்டுப் போகும் அன்றே மாற்றியாக வேண்டும்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட். பம்புக்கும் பல்ப்பருக்கும் (காபிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷின்) ஒரு சிறிய பேனல். மழைக்காலத்தில் சிக்னல் இருக்காது, யாரையும் கேட்கவும் முடியாது. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா?

எழுதலாம். நோட்டு வேண்டாம், கவர். எழுதி ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, எஸ்டேட் ஆபீஸ் பீரோவில் வையுங்கள். பிரித்தால் தெரியும், பிரித்தபின் மாற்றிவிடலாம். பேனல் கதவின் உட்புறம் மார்க்கரில் எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள்.

ஸ்காடாவில் எல்லோருக்கும் நல்ல பாஸ்வேர்டு போட்டுவிட்டோம். இனி பி.எல்.சி. பத்திரம்தானே? — தாரமங்கலம் வாசகர்

உங்கள் ஸ்காடா பி.எல்.சி.யோடு மோட்பஸில் பேசுகிறதா? 1979இல் வந்த மொழி அது. யார் பேசுகிறார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. ஸ்காடாவைத் தொடாமல், அதே நெட்வொர்க் ஸ்விட்சில் ஒரு லேப்டாப்பைச் செருகினால் மோட்டாருக்கு நேராகக் கட்டளை கொடுக்கலாம். ஆகையால் பி.எல்.சி. நெட்வொர்க்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். நடுவில் ஃபயர்வால் வைத்து ஸ்காடா சர்வரை மட்டும் விடுங்கள். ஸ்விட்சில் காலியாக இருக்கும் போர்ட்டுகளை அடைத்துவிடுங்கள்.

உங்கள் பி.எல்.சி. முகப்பில் சாவி போடும் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2017இல் சவூதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் டிரைட்டான் வைரஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள்ளேயே நுழைந்தது. அந்தக் கன்ட்ரோலரின் சாவி ‘புரோகிராம்’ நிலையில் விடப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் ‘ரன்’ நிலைக்குத் திருப்பிச் சாவியை எடுத்திருந்தால் வெளியிலிருந்து புரோகிராமை மாற்றியிருக்க முடியாது. உங்கள் சாவியும் ‘ரன்’னில் திரும்பி, ஷிப்ட் இன்சார்ஜ் மேஜையில் இருக்க வேண்டும். யார் எடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குங்கள்.